லைன்ல முன்னாடி நிக்கறது எப்படி: புதுசா லீடர் ஆனவங்க அடிக்கடி கேக்கற கேள்விகள்

இத யாரு எழுதறது, யாருக்காக?

நான் மலேசியாவுல, பினாங்குல பாயான் லெப்பாஸ் ஃபேக்டரி ஒண்ணுல வேலை செய்றேன், ஐசி சிப் செய்ற எடம். ஆபரேட்டரா உள்ள போயி, லைன் லீடராகி, இப்ப சூப்பர்வைசர், ஒரு ஷிப்டுக்கு நாப்பது பேர் கிட்ட என் பொறுப்புல இருக்காங்க. கம்பெனி பஸ்ல பக்கத்துல உக்கார்ற தம்பிங்க, தீபாவளி ஓப்பன் ஹவுஸ்ல பாக்கற பொண்ணுங்க, புதுசா லீடர் ஆனவங்க எல்லாரும் சுத்திச் சுத்தி ஒரே கேள்விங்களத்தான் கேக்கறாங்க, ஒவ்வொருத்தருக்கும் பாதி பாதியா சொல்லிட்டு வீட்டுக்கு வந்தப்பறம் இன்னும் கொஞ்சம் சொல்லியிருக்கலாமேன்னு தோணும், அதான் மொத்தமா எழுதிட்டேன். எனக்கு ஃபேக்டரிய வச்சித்தான் பேசத் தெரியும், ஆனா நீங்க பேங்க் கவுண்டர்ல இருந்தாலும், நாசி கண்டார் கடை நடத்தினாலும், கிளினிக்ல நர்ஸுங்கள பாத்துக்கிட்டாலும் பொருந்தும்னு நெனைக்கிறேன்.

மேனேஜர் எனக்கு பிரசென்ஸ் பத்தல, செமாங்காட் பத்தலன்னு சொல்றாரு. என்னதான் செய்யணும்?

செமாங்காட்னா மலாய்ல ஊக்கம், உற்சாகம், உள்ள எரியற நெருப்பு எல்லாம் சேந்த ஒரு வார்த்தை, நம்ம ஆளுங்களும் அப்படியேதான் சொல்றது. மேனேஜருங்க இத சொல்லும்போது பல பேரு என்ன நெனைச்சிக்கறாங்கன்னா, சத்தமா பேசணும், கை தட்டணும், மீட்டிங்ல நெஞ்ச நிமித்திக்கிட்டு நிக்கணும்னு. நான் வேலை செய்ற கிளீன்ரூம்ல அதெல்லாம் செல்லவே செல்லாது. உள்ள போனா தலையில இருந்து கால் வரைக்கும் சூட், முகத்துக்கு மாஸ்க், கையில கிளவ்ஸ், வெளிய தெரியறது ரெண்டு கண்ணு மட்டுந்தான். மெஷின் சத்தத்துல கத்தினாலும் பாதிதான் கேக்கும். அங்க ஒருத்தர லீடர்னு எப்படித் தெரிஞ்சிக்கறாங்க? அவர் எங்க நிக்கறாரு, எத பாக்கறாரு, நாம பேசும்போது நம்ம பக்கம் முழுசா திரும்பறாரா, இல்ல கண்ணு டிஸ்ப்ளேலயே இருக்கா, இத வச்சித்தான்.

எனக்கு பிரசென்ஸ்னா அவ்வளவுதான். நீங்க இருக்கற எடத்துல நீங்க முழுசா இருக்கறது. உடம்பு லைன்ல, மனசு நாலு மணி மீட்டிங்லன்னா ஆளுங்களுக்குத் தெரிஞ்சிரும், கண்ணு மட்டும் தெரிஞ்சாலும் தெரிஞ்சிரும்.

நான் ரொம்ப அமைதியான ஆளு. எனக்கு இதெல்லாம் வருமா?

வரும். எங்க லைன்ல ஒரு மலாய் அக்கா லீடரா இருந்தாங்க, ஒரு நாளைக்கு இருபது வார்த்தை பேசினா அதிகம். ஆனா மெஷின் நின்னா முதல்ல அங்க போயி நிக்கறது அவங்கதான், டெக்னீஷியன் வர்ற வரைக்கும் அந்த ஆபரேட்டர் கூடவே நிப்பாங்க, ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, சும்மா நிப்பாங்க. அந்த ஆபரேட்டர் நான்தான், சேந்த மொத மாசம். தனியா நின்னு அழுதுருக்க வேண்டியவ அன்னிக்கி அழல.

டொயோட்டால தைச்சி ஓனோன்னு ஒரு எஞ்சினியர் இருந்தாரு, அந்தக் கம்பெனியோட உற்பத்தி முறைய உருவாக்கினவருல ஒருத்தரு. மேனேஜருங்கள ஃபேக்டரி தரையில சாக்கட்டியால ஒரு வட்டம் போட்டு அதுக்குள்ள நிக்கச் சொல்லுவாராம், மணிக்கணக்கா, நின்னு பாரு என்ன நடக்குதுன்னு. பேச வேண்டாம், கட்டளை போட வேண்டாம், பாரு. வாய் பேசாதவங்களுக்கு இது நல்லாவே வரும்.

உற்சாகம் வரலன்னா நடிக்கலாமா? எல்லாரும் "ஃபேக் இட்"னு சொல்றாங்களே.

வேண்டாம். இத கொஞ்சம் நீட்டிச் சொல்லணும், ஏன்னா நானே இந்தப் பள்ளத்துல விழுந்தேன்.

லீடர் ஆன புதுசுல ஒரு டிரெய்னிங் அனுப்புனாங்க. அங்க சொல்லிக் குடுத்தபடி அடுத்த வாரமே ஷிப்ட் ஆரம்பத்துல எல்லாரையும் வட்டமா நிக்க வச்சி, "இன்னிக்கி நம்ம டார்கெட்ட அடிச்சித் தூக்கறோம்"னு கத்தி, கை தட்டச் சொன்னேன். தட்டினாங்க. மூணு நாளு தட்டினாங்க. நாலாவது நாள் ஒரு அக்கா, எங்கம்மா வயசு, தனியா வந்து மெதுவா சொன்னாங்க: "நேத்து ராத்திரி உடம்பு சரியில்லன்னு மூணு பேரு எம்சி லீவு, ஏழு பேரு வேலைய நாலு பேரு செஞ்சோம், அத பத்தி ஒரு வார்த்தை கேக்கலியேமா." எனக்கு அந்த எடத்துலயே தொண்டை அடைச்சிக்கிச்சி. நான் அவ்வளவு சத்தமா உற்சாகமா இருந்தேன், ஆனா நேத்து நைட் ஹேண்ட்ஓவர் புக்க ஒழுங்கா படிக்கல.

இத ஆராய்ச்சி பண்ணவங்களும் இருக்காங்க. ஆர்லி ஹாக்‌ஷீல்டுன்னு ஒரு அமெரிக்க சமூகவியல் அறிஞர், 1983ல விமானப் பணிப்பெண்ணுங்கள வச்சி எழுதினாங்க, சம்பளத்துக்காக உணர்ச்சிய மேல பூசிக்கறதும் ஒரு உழைப்புதான், அதுக்கும் ஒரு விலை இருக்குன்னு. மேல்பூச்சா சிரிக்கறது ஒண்ணு, உள்ளுக்குள்ளயே அந்த உணர்ச்சிய வரவழைச்சிக்கறது இன்னொண்ணுன்னு பிரிச்சிச் சொன்னாங்க. மேல்பூச்சு பூசறவங்கதான் சீக்கிரமா காஞ்சி போறாங்கன்னு அதுக்கப்பறம் வந்த பல ஆய்வுங்களும் சொல்லுது. நான் பாத்ததும் அதான், நடிக்கற லீடர் முதல்ல தானே களைச்சிப் போறாரு, டீம் அப்பறமாத்தான்.

அப்ப சோகமா இருந்தா சோகமா இருந்துடவான்னு கேப்பீங்க. அதுவும் இல்ல. சீகால் பார்சேட்னு ஒரு பேராசிரியர் 2002ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. மாணவர்கள சின்னச் சின்ன குழுவா உக்கார வச்சி போனஸ் பணத்த யார் யாருக்கு எவ்வளவு பிரிக்கறதுன்னு பேச வச்சாங்க, ஒவ்வொரு குழுவுலயும் ஒரு நடிகர யாருக்கும் தெரியாம சேத்து, ஒரு எடத்துல உற்சாகமா, இன்னொரு எடத்துல சிடுசிடுன்னு இருக்க வச்சாங்க. அந்த ஒரு ஆளோட மனநிலை குழு முழுக்க ஒட்டிக்கிச்சி. உற்சாகம் ஒட்டின குழுவுல சண்டை கம்மி, ஒத்துழைப்பு அதிகம். ஒரே ஒரு ஆளு, அதுவும் லீடர்கூட இல்ல, அவரே இவ்வளவு மாத்த முடியும்னா எல்லாரும் நிமிந்து பாக்கற லீடர் எவ்வளவு மாத்துவாரு.

அதனால நான் செய்றது என்னன்னா, உற்சாகம் வர்ற மாதிரி ஒரு உண்மையான விஷயத்த தேடறேன். தினமும் ஒண்ணு கெடைக்கும். நேத்து ஏழாம் நம்பர் மெஷின்ல ஒரு ரிஜெக்ட்கூட இல்ல. புதுப் பையன் அலாரம் வர்றதுக்கு முன்னாடியே சத்தம் வித்தியாசமா இருக்குன்னு கண்டுபிடிச்சான். இந்த மாதிரி ஒண்ண பாத்துட்டு பேசும்போது குரல் தானா மாறும், கத்த வேண்டியதே இல்ல.

எனக்கே இந்த வேலை பிடிக்கல. அப்பறம் எங்கருந்து வரும் உற்சாகம்?

மொத்தமா பிடிக்கணும்னு அவசியம் இல்ல. ஏதோ ஒரு மூலை பிடிச்சா போதும்.

எனக்குப் பிடிச்ச மூலை வயர் பாண்டிங். சிப்புல இருந்து வெளிய இருக்கற உலோகக் கால் வரைக்கும் தங்கத்துலயோ செம்புலயோ ஒரு கம்பி போகும், ஏறக்குறைய இருபத்தஞ்சு மைக்ரான் கனம், தலைமுடில மூணுல ஒரு பங்கு. மெஷின் அத ஒரு செகண்டுல பல தடவ தச்சிக்கிட்டே போகும். மைக்ரோஸ்கோப்புல பாத்தா ஒவ்வொரு கம்பியும் ஒரே மாதிரி வளைஞ்சி, மல்லிகைப்பூ தொடுத்த மாதிரி வரிசையா நிக்கும். இத்தன வருஷம் கழிச்சும் நல்லா வந்த ஒரு யூனிட்ட பாத்தா எனக்கு உடம்பு சிலிர்க்குது, உண்மையா சொல்றேன். புதுசா வர்ற பிள்ளைங்கள மொத நாளே மைக்ரோஸ்கோப் முன்னாடி உக்கார வச்சி, "இங்க பாரு, இது யாரோ ஒருத்தர் ஓட்டற காருக்குள்ள போகும்"னு காட்டறேன். டார்கெட், யீல்டு, ஐஎஸ்ஓ எல்லாம் ரெண்டாவது நாள்.

உங்க வேலையிலயும் அப்படி ஒரு மூலை இருக்கும். ரொட்டி சானாய் போடறவருக்கு மாவு வீசும்போது கெடைக்கற அந்த மெல்லிசு, கணக்கு பாக்கறவருக்கு மாசக் கடைசில ரெண்டு பக்கமும் சரியா விழற அந்த நிமிஷம். தேடிப் பாத்தும் ஒண்ணுமே இல்லன்னா வேற வேலை பாக்கறதப் பத்தி யோசிக்கலாம், அதுல தப்பில்ல. ஆனா பாதிப் பேரு தேடறதே இல்ல, லீடரானதுமே வேலையத் தொடறத விட்டுட்டு எக்செல்ல உக்காந்திடறாங்க, அப்பறம் வேலை கசக்காம என்ன செய்யும்.

ஷிப்ட் ஆரம்பத்துல பேசற பத்து நிமிஷத்துல என்ன பேசறது?

எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி இது.

நான் பொறந்தது நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துல. அம்மா பால் மரம் வெட்டினவங்க, அதாவது ரப்பர் மரத்த கீறி பால் எடுத்தவங்க. விடியறதுக்கு முன்னாடி பெரட்டு, தெரியாதவங்களுக்குச் சொல்றேன், எல்லாரும் ஒரு களத்துல வரிசையா நிக்கணும், பேர் கூப்புடுவாங்க, இன்னிக்கி யாருக்கு எந்த மர நெரைன்னு சொல்லுவாங்க. அம்மா ரெண்டு மண்டோருங்கள, அதாவது வேலை வாங்கற மேஸ்திரிங்கள பத்தி இன்னமும் பேசுவாங்க. ஒருத்தர் புக்க விட்டு தலையத் தூக்கவே மாட்டாராம், பேர் படிப்பாரு, கெளம்பிடுவாரு. இன்னொருத்தர் லாந்தர தூக்கிப் பிடிச்சி ஒவ்வொரு முகமா பாப்பாராம். "காய்ச்சலா புள்ள, கண்ணு செவந்திருக்கு, நீ இன்னிக்கி மேட்டு நெரைக்குப் போவாத"ன்னு மாத்திக் குடுப்பாராம். அதே பெரட்டு, அதே இருட்டு, அதே கூலி. நாப்பது வருஷம் கழிச்சி அம்மாவுக்கு மொதல் ஆளோட பேரு மறந்து போச்சி.

என்னோட பத்து நிமிஷத்த நான் அந்த லாந்தர்ல இருந்துதான் எடுத்துக்கிட்டேன். பேசறதுக்கு முன்னாடி ஒவ்வொரு முகத்தையும் பாக்கறேன், சூட் மாட்டற கவுனிங் ரூமுக்குப் போறதுக்கு முன்னாடியே, ஏன்னா உள்ள போயிட்டா முகம் கெடைக்காது. அப்பறம் போன ஷிப்ட்ல நடந்தது, நல்லதும் கெட்டதும், மறைக்காம. அதுல யாராவது கூடுதலா சொமந்திருந்தா அவங்க பேர சொல்லி. அப்பறம் இன்னிக்கி எது கஷ்டமா இருக்கப் போகுது, நான் எங்க நிப்பேன். கடைசியா யாருக்காவது ஏதாவது இருக்கான்னு கேட்டுட்டு, கேட்டதும் கெளம்பிடாம அஞ்சாறு மூச்சு விடற நேரம் நிக்கறேன். அந்த அமைதி தாங்க முடியாம நெறைய லீடருங்க "ஓகே, தெரிமா காசி"ன்னு மலாய்ல நன்றி சொல்லிட்டு ஓடிடறாங்க. நில்லுங்க. மூணாவது வாரத்துல யாராவது வாயத் தொறப்பாங்க.

போன்?

லாக்கர்ல. கிளீன்ரூம்ல எப்படியும் விட மாட்டாங்க, ஆனா காண்டீன்ல உக்காந்து ஒருத்தர் உங்ககிட்ட வீட்டுக் கஷ்டம் சொல்லும்போது வாட்ஸ்அப் பாத்தீங்கன்னா அந்த ஆளு அடுத்த தடவ வர மாட்டாரு. சோஃபி லெராய்னு ஒரு ஆய்வாளர் 2009ல எழுதினாங்க, ஒரு வேலைய பாதில விட்டுட்டு அடுத்ததுக்குத் தாவினா மனசுல ஒரு பங்கு பழைய வேலையிலயே ஒட்டிக்கிட்டு நிக்கும்னு. அதனால மீட்டிங்ல இருந்து லைனுக்குப் போறதுக்கு முன்னாடி நான் நோட்டுல ரெண்டு வரி எழுதிடுவேன், எங்க விட்டேன், அடுத்து என்ன செய்யணும்னு. எழுதிட்டா மனசு விட்டுடுது.

என் டீம்ல நாலு பாஷை. தமிழ்ல பேசற மாதிரி வர மாட்டேங்குது.

எங்க லைன்ல மலாய்க்காரங்க, நம்ம ஆளுங்க, சீனவங்க, நேபாளத்துல இருந்து வந்தவங்க, பங்களாதேஷ்காரங்க எல்லாம் இருக்காங்க. பொது பாஷை மலாய். சின்ன வாக்கியமா பேசுங்க, கையால காட்டுங்க, மெஷின் கிட்டயே போயி செஞ்சி காட்டுங்க. ஒவ்வொரு பாஷையிலயும் நன்றி சொல்லவும், சாப்ட்டியான்னு கேக்கவும் கத்துக்குங்க, அத தப்பா சொன்னாலும் பரவால்ல, அவங்க திருத்துவாங்க, அந்தத் திருத்தறதுலயே ஒரு நெருக்கம் வந்துடும்.

ஒண்ண மட்டும் கண்டிப்பா சொல்லணும். நம்ம ஆளுங்க கூட மட்டும் தமிழ்ல சிரிச்சிப் பேசிட்டு மத்தவங்க கிட்ட மலாய்ல வேலைய மட்டும் பேசினா, பத்து நாள்ல லைன் ரெண்டா பொளந்துடும். நீங்க வேணும்னு செய்ய மாட்டீங்க, ஆனா அவங்களுக்கு அப்படித்தான் தெரியும். நோன்பு மாசத்துல ரெஸ்ட் டைம் மாத்திக் குடுக்கறது, நோன்புப் பெருநாள் ராயாவுக்கு நம்ம ஆளுங்க ஷிப்ட எடுத்துக்கறது, தீபாவளிக்கு அவங்க எடுத்துக்கறது, இத யாரும் கேக்கறதுக்கு முன்னாடியே ஒரு பேப்பர்ல எழுதி ஒட்டிடுங்க.

என்னைவிட வயசுல பெரியவங்களுக்கு நான் லீடர். எப்படி கூப்புடறது, எப்படி வேலை சொல்றது?

அக்கான்னா அக்காதான், அண்ணேன்னா அண்ணேதான், பதவி வந்துட்டதால முறை மாறாது. "அக்கா, இந்த லாட் இன்னிக்கி முன்னாடி போகணும், எப்படி செஞ்சா நல்லாருக்கும்னு சொல்லுங்க"ன்னு கேட்டா அவங்களுக்கு என்னைவிட நல்ல வழி தெரிஞ்சிருக்கும், பத்துல எட்டு தடவ அப்படித்தான் நடக்கும். ஆனா முடிவு எடுக்க வேண்டிய நேரத்துல மென்னு முழுங்காதீங்க. "அக்கா, இத நான் பொறுப்பெடுத்துக்கறேன், இப்படிப் போவோம்"னு நேரா பாத்து சொல்லுங்க. மரியாதையும் உறுதியும் ஒரே வாக்கியத்துல வரலாம், நம்ம வீட்டுல அம்மாவுங்க அப்படித்தானே பேசறாங்க.

நைட் ஷிப்ட்ல காலையில மூணு மணிக்கெல்லாம் யாருக்கு செமாங்காட் வரும்?

யாருக்கும் வராது, எதிர்பாக்காதீங்க. மூணுல இருந்து அஞ்சு மணி வரைக்கும் மனுச உடம்போட சூடு ரொம்ப எறங்கியிருக்கற நேரம், கவனமும் கூடவே எறங்கும், அது சோம்பேறித்தனம் கெடையாது. அந்த நேரத்துல போயி ஊக்கமா பேசினா எரிச்சல்தான் வரும். நான் அந்த ரெண்டு மணி நேரத்துல ஆபீஸ்ல உக்கார மாட்டேன், அவ்வளவுதான் செய்றது. லைன்ல நடந்துக்கிட்டே இருப்பேன். செக்கிங் வேலைய ஆள் மாத்தி மாத்தி விடுவேன், கஷ்டமான செட்டப்ப ரெண்டு மணிக்கு முன்னாடியே முடிச்சிடப் பாப்பேன். டீ ரெஸ்ட்டுக்கு சேந்தே போவோம், சூடா ஒரு தே தாரிக், யாராவது வீட்ல செஞ்ச கரிபாப். ராத்திரி மூணு மணிக்கு சூப்பர்வைசர் கூடவே முழிச்சிக்கிட்டு நிக்கறத பாத்த ஆளு, பகல்ல நீங்க ஒண்ணு கேட்டா முடியாதுன்னு சொல்றதுக்கு முன்னாடி யோசிப்பாரு.

தப்பு நடந்தா கோபம் வருதே. கோபப்படறதும் உண்மையான உணர்ச்சிதானே?

உண்மைதான். வரட்டும். ஆனா அந்தக் கோபத்த யாரு மேல கொட்டறீங்கன்னு பாருங்க.

ஒரு தடவ ஒரு லாட், அதாவது ஒண்ணா ஓடற ஒரு தொகுதி சிப்பு, முழுக்க தப்பான கம்பில போயிடிச்சி. நான் எல்லாருக்கும் முன்னாடி அந்தப் பையன கத்திட்டேன். அதுக்கப்பறம் ரெண்டு மாசம் என் லைன்ல ரிப்போர்ட் ஆகற தப்பு கொறஞ்சிக்கிட்டே வந்திச்சி, நான் சந்தோஷப்பட்டேன், அப்பறம் கஸ்டமர்கிட்ட இருந்து கம்ப்ளெயிண்ட் வந்தப்பதான் தெரிஞ்சிச்சி, தப்பு கொறையல, சொல்றதுதான் கொறஞ்சிருந்திச்சி. அந்தப் பையன்கிட்ட அதே எடத்துல, அதே ஆளுங்களுக்கு முன்னாடி மன்னிப்பு கேட்டேன். தனியா கேட்டிருந்தா பாதிதான் சரியாயிருக்கும்.

ஏமி எட்மண்ட்சன்னு ஹார்வர்டுல ஒரு பேராசிரியர் இருக்காங்க, 1990கள்ல ஆஸ்பத்திரில மருந்து குடுக்கறதுல நடக்கற தப்புங்கள ஆராய்ஞ்சப்ப அவங்களுக்கே ஆச்சரியமா ஒண்ணு கெடைச்சிச்சி, நல்லா ஒத்துமையா நடக்கற டீம்லதான் தப்பு எண்ணிக்கை அதிகமா பதிவாயிருந்திச்சி. காரணம், அங்க சொல்றதுக்கு பயம் இல்ல. எனக்கு இத படிச்சப்ப என் லைன் ஞாபகந்தான் வந்திச்சி. இப்பல்லாம் யாராவது தப்ப தானா வந்து சொன்னா, மொத வார்த்தை "நல்ல வேளை சொன்னீங்க". அப்பறந்தான் மத்தது.

மேல இருந்து வர்ற முடிவு எனக்கே பிடிக்கல. அத எப்படி டீம்கிட்ட உற்சாகமா சொல்றது?

உற்சாகமா சொல்லாதீங்க. "இது வந்திருக்கு, நானும் கேட்டுப் பாத்தேன், மாறல, இதுல நம்மால செய்ய முடிஞ்சது இது"ன்னு சொல்லுங்க. மேல இருக்கவங்கள திட்டி டீம்கிட்ட நல்ல பேர் வாங்கறதும் வேண்டாம், அது ரெண்டு நாள் இனிக்கும், அப்பறம் நீங்க சொல்ற எதுக்கும் மதிப்பிருக்காது.

சம்பளமே பத்தல, இதுல ஊக்கம் பேசறது அநியாயம் இல்லையா?

சம்பளத்துக்குப் பதிலா ஊக்கத்த குடுத்தா அது அநியாயந்தான், அதுல எனக்கு ரெண்டாவது கருத்தே கெடையாது. நம்ம நாட்டுல 2025 பிப்ரவரில இருந்து குறைஞ்சபட்ச சம்பளம் 1,700 ரிங்கிட். 2023 ஜனவரில இருந்து வாரத்துக்கு சாதாரண வேலை நேரம் 48ல இருந்து 45 மணி நேரமா கொறஞ்சிடிச்சி. சட்டப்படி ஓடி, அதாவது ஓவர்டைம் காசு, வாங்கத் தகுதி இருக்கறவங்களுக்கு சாதாரண நாள்ல ஒன்றரை மடங்கு, ரெஸ்ட் டேல ரெண்டு மடங்கு, பொது விடுமுறையில மூணு மடங்கு. இதெல்லாம் லீடருக்கு மனப்பாடமா தெரியணும். ஆளுங்களோட ஓடி கணக்குல ஒரு மணி நேரம் விட்டுப் போயிருந்தா, எச்ஆர்கிட்ட நீங்க போயி நில்லுங்க, அவங்கள அனுப்பாதீங்க. ஒரு தடவ அப்படிப் போயி சரிபண்ணிக் குடுத்துப் பாருங்க.

நம்ம வரலாறுலயே இதுக்கு பெரிய உதாரணம் இருக்கு. 1950கள் கடைசில வெள்ளைக்காரங்க தோட்டங்கள வித்துட்டுப் போக, வாங்கினவங்க துண்டு துண்டா பிரிச்சி விக்க, நம்ம ஜனங்க வேலையும் வீடும் இல்லாம நின்னாங்க, தோட்டத் துண்டாடல்னு பெரியவங்க சொல்லுவாங்க. துன் சம்பந்தன் 1960ல தேசிய நில நிதி கூட்டுறவுச் சங்கத்த ஆரம்பிச்சாரு. அப்ப அவர் மந்திரி, ஆபீஸ்ல உக்காந்து அறிக்கை விட்டிருக்கலாம். தோட்டம் தோட்டமா போனாரு, பால் மரம் வெட்டறவங்க முன்னாடி நின்னு பேசினாரு, மாசம் பத்து வெள்ளி போடுங்க, தோட்டத்த நாமே வாங்கலாம்னு. வெள்ளின்னா நம்ம நாட்டுக் காசு, அந்தக் காலத்துல பத்து வெள்ளி ஒரு தொழிலாளிக்கு சாதாரணம் இல்ல. குடுத்தாங்க, தோட்டமும் வாங்கினாங்க. அவரோட பேச்சுல ஊக்கம் இருந்திச்சி, ஆனா அந்த ஊக்கம் அவங்க கையில ஒரு பங்கா, நெலமா வந்து நின்னுச்சி. அதனாலதான் அது இன்னிக்கும் பேசப்படுது.

ஒரே ஒரு ஆளு எதுக்குமே அசைய மாட்டேங்குறாரு. என்ன பண்ணாலும் மூஞ்ச தூக்கி வச்சிருக்காரு.

விட்டுடுங்க. கைவிடச் சொல்லல, அவர மாத்தணும்ங்கற முயற்சிய விட்டுடுங்க. தினமும் பேர் சொல்லி ஒரு வணக்கம், வேலை நல்லாருந்தா நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை, அதோட நிறுத்திக்குங்க. எல்லாரும் சிரிக்கணும்னு சட்டம் இல்ல, அவர் வீட்டுல என்ன நடக்குதுன்னு நமக்குத் தெரியாது. எங்க லைன்ல ஒரு அண்ணே நாலு வருஷம் அப்படித்தான் இருந்தாரு. அவர் மனைவிக்கு டயாலிசிஸ் போயிக்கிட்டிருந்தது எனக்குத் தெரிஞ்சது ரொம்பப் பின்னாடி. ஆனா வேலைய கெடுக்கறது, மத்தவங்கள மட்டம் தட்டறதுன்னா அது வேற கதை, அன்னிக்கே கூப்பிட்டு பேசணும், தள்ளிப் போடக் கூடாது.

வீட்டுல இருந்து வேலை செய்ற டீமுக்கு இதெல்லாம் எப்படி?

எனக்கு அனுபவம் கம்மி. கோலாலம்பூர்ல ஐடி கம்பெனில இருக்கற என் தம்பி செய்றத சொல்றேன். மீட்டிங்ல கேமராவ பாத்து பேசறான், பின்னாடி மெயில் அடிக்க மாட்டான், வாரத்துக்கு ஒரு தடவ ஒவ்வொருத்தருக்கும் வேலை விஷயம் இல்லாம போன் போடறான். போதுமான்னு எனக்குத் தோணும், அவன் டீம்ல இருந்து ஆளுங்க வேற கம்பெனிக்கு ஓடலன்னு சொல்றான்.

எல்லாருக்கும் நான் தெம்பு குடுக்கறேன். எனக்கு சோர்வா இருந்தா?

சொல்லிடுங்க. "இன்னிக்கி எனக்கு முடியல, ராத்திரி சரியா தூங்கல, கொஞ்சம் பாத்துக்குங்க"ன்னு சொன்னா யாரும் உங்கள கொறைவா நெனைக்க மாட்டாங்க, நான் சொன்ன ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருத்தர் என் பங்குல பாதிய தூக்கிட்டாங்க.

தைப்பூசத்துக்கு முன்னாடி நாள் ஜார்ஜ்டவுன்ல ரதம் வரும்போது தெரு ஓரத்துல தேங்காய மலையா குமிச்சி ஒடைப்பாங்க, நம்மளும் சீனவங்களும் சேந்து. ரதம் நகரணும்னா அந்த ஓடு எல்லாத்தையும் உடனே வாரணும். பல வருஷமா நான் பாக்கற ஒரு கூட்டம் இருக்கு, பசங்க, கையில சவளு, அதாவது வாரற மண்வெட்டி, அவங்கள நடத்தறது அறுபது வயசு இருக்கும் ஒரு அண்ணே. அவர் கட்டளை போட்டு நான் பாத்ததே இல்ல. முதல் சவளு அவர் போடுவாரு, பசங்க பின்னாடியே போடுவாங்க. போன தடவ பாதில அவர் நெஞ்ச பிடிச்சிக்கிட்டு ஓரமா உக்காந்துட்டாரு, மூச்சு வாங்கிச்சி, தண்ணி குடுத்தாங்க. ஒரு பையன், பதினேழு பதினெட்டு இருக்கும், அவர் சவள எடுத்தான். அண்ணே உக்காந்த எடத்துல இருந்தே கண்ண எடுக்காம அவங்களையே பாத்துக்கிட்டிருந்தாரு, அந்தப் பையன் ஒவ்வொரு தடவ நிமிரும்போதும் அவர் பக்கம் ஒரு பார்வை பாத்துட்டுத்தான் அடுத்தத வாரினான். ரதம் நிக்காம போயிடிச்சி.